ஓட்டமா, வெயிட்ஸா, ஷட்டிலா, கால்பந்தா: மூளையை நினைத்து ஒரு வீராங்கனை எதைப் பிடிக்கலாம்?

அக்கா மகளுக்கு 20 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். பிப்ரவரியில் சீசன் முடிந்து ஊருக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவின கையோடு கேட்டாள்: "சித்தி, அடுத்த ஆறு மாசத்துக்கு ஒரு புரோகிராம் போடணும். காலுக்கு எது நல்லதுன்னு கோச் சொல்லிருவார். மூளைக்கு எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. எங்கம்மாவுக்கு, அதாவது அவளுடைய அம்மாச்சிக்கு, மறதி நோய். பொங்கலுக்கு வந்திருந்தபோது இவளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை சிரித்துச் சமாளித்தாள். ராத்திரி மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் மருத்துவர் இல்லை, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஒரு காலத்தில் 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவள். இருபது வருடமாகப் பெண் பிள்ளைகளை கிரவுண்டில் ஓடவிடுகிறேன். அதனால் இந்த விஷயத்தில் வரும் ஆய்வுகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு.

அவள் முன்னால் ஐந்து வழி இருந்தது. கோச் சொன்னபடி கிலோமீட்டரைக் கூட்டுவது. அதே ஓட்டத்தைக் குறைத்து, கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடும் இன்டர்வெல்லாக மாற்றுவது. ஹாஸ்டல் ஜிம்மில் வெயிட்ஸ். மாலையில் தோழிகளோடு ஷட்டில். அப்புறம், ஆள் பற்றாத கல்லூரிக் கால்பந்து அணி "நீதான் நல்லா ஓடுறியே, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்காவைக் கேட்டால் ஆறாவதாக ஒன்று சொல்வாள்: எல்லாத்தையும் விட்டுட்டு யோகா பண்ணட்டும்.

ஒவ்வொன்றையும் எடை போடும் முன் தராசைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த விஷயத்தில் தராசே கொஞ்சம் ஆடுகிறது.

ரத்தத்தில் தெரியும் மூளை

உடற்பயிற்சியையும் மூளையையும் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்வது பி.டி.என்.எஃப் என்ற புரதத்தை. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், கிளை விடவும், ஒன்றோடொன்று இணைப்புப் போடவும் உதவுவது. 1982-ல் ஈவ் அலான் பார்ட், ஹான்ஸ் தோனென் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1995-ல், சக்கரத்தில் ஓடிய எலிகளின் மூளையில் இதன் உற்பத்தி கூடுவதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு இதைச் சுற்றி ஆய்வுகள் பெருகிவிட்டன.

இது வளர்ச்சியைக் காட்டும் குறி. சேதத்தைக் காட்டும் குறிகள் வேறு. நரம்பு இழை உடைந்தால் ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட், மூளையின் துணையணுக்களிலிருந்து வரும் ஜி.எஃப்.ஏ.பி போன்றவை. தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்கேன் வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி கொடுத்தது. அது பார்க்கும் இரண்டு புரதங்களில் ஒன்று இந்த ஜி.எஃப்.ஏ.பி. ஒரு விளையாட்டு முதல் வகைக் குறியைக் கூட்டிக்கொண்டே இரண்டாம் வகையையும் கூட்டலாம். கால்பந்துக்கு வரும்போது இது முக்கியம்.

பி.டி.என்.எஃப் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ரத்தத்தை உறையவிட்டு சீரம் எடுத்தால் தட்டணுக்கள் அதைக் கொட்டிவிடும், எண் எகிறும். உறையவிடாமல் பிளாஸ்மாவாக எடுத்தால் அதில் சிறு பங்குதான் வரும். ஆகவே இரண்டு ஆய்வுகளின் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஏறும் அளவு, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். நன்றாகப் பயிற்சி எடுத்த ஆண்களுக்கு, ஓய்வில் இருக்கும்போது இது சாதாரண ஆட்களைவிடக் குறைவாக இருந்ததாகக்கூட ஓர் ஆய்வு உண்டு. ஆகவே எண் குறைந்தால் மூளை மோசம் என்று ஆகிவிடாது.

பெண்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. 2007-ல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் பிளாஸ்மா பி.டி.என்.எஃப் கூடுதலாக இருந்தது. மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு அந்த ஏற்ற இறக்கமே இல்லை, அளவும் குறைவு. எந்த நாளில் ரத்தம் எடுத்தோம் என்று குறிக்காத ஆய்வை வைத்து ஒரு வீராங்கனைக்கு எதுவும் சொல்ல முடியாது. 2015-ல் 29 ஆய்வுகளையும் 1,111 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, உடற்பயிற்சியால் பி.டி.என்.எஃப் ஏறுவது உண்மைதான் என்றது. கூடவே, பெண்கள் அதிகம் இருந்த ஆய்வுகளில் அந்த ஏற்றம் குறைவாக இருந்ததையும் சொன்னது.

பெண்கள் அதிகம் இருந்த ஆய்வுகள் என்பதே அபூர்வம். 2014-லிருந்து 2020 வரை முக்கியமான விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த 5,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எண்ணிப் பார்த்ததில், பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். ஆண்களை மட்டும் வைத்தவை 31 சதவீதம். எனக்கு இது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வயிறு எரிகிற எண். பிள்ளைகள் ஓடுவது உண்மையான ஓட்டம், அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை மட்டும் பாதி கடன் வாங்கினது.

"அப்ப ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?" என்றாள். இந்தப் புரதத்துக்காக வேண்டாம், காசுக்குக் கேடு என்றேன். வேறு ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. அது பிறகு.

நிதானமான நீண்ட ஓட்டம்

சான்று அதிகமாக இருப்பது இதற்குத்தான். 2011-ல் அமெரிக்காவில் 120 வயதானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தது. மற்றது உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தது. ஒரு வருடம் கழித்து, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2016-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வும், ஓய்வு நேர பி.டி.என்.எஃப்பை உயர்த்துவது மூச்சு வாங்கும் பயிற்சிதான், எடைப் பயிற்சியில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை என்றது.

எனக்கு மனசில் நின்றது ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வு. முழுக்கப் பெண்கள். 1968-ல் 38 முதல் 60 வயதுக்குள் இருந்த 191 பெண்களை சைக்கிள் மிதிக்கவிட்டு, முடியாமல் போகும் வரை எவ்வளவு தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். பிறகு 44 வருடம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். உடல்தகுதி குறைவாக இருந்தவர்களில் 32 சதவீதம் பேருக்கும், நடுத்தரமாக இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும் மறதி நோய் வந்தது. உயர்ந்த தகுதி இருந்தவர்களில் 5 சதவீதம்தான். அந்த உயர்ந்த பிரிவில் இருந்தது வெறும் 40 பேர் என்பதையும் சொல்ல வேண்டும். ஓடினதால்தான் நோய் வரவில்லை என்று அடித்துச் சொல்ல இது போதாது. நல்ல உடம்போடு பிறந்தவர்கள் இரண்டிலும் ஜெயித்திருக்கலாம். இருந்தாலும், நாற்பது வருடம் பெண்களை விடாமல் பார்த்த ஆய்வுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

அவளைப் பொறுத்தவரை ஓட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு 80 ஆக்கினால் மூளைக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன ஹிப்போகாம்பஸ் பலன் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நடந்ததால் வந்தது. ஓடிக்கொண்டிருப்பவள் இன்னும் ஓடுவதற்கு அதே கணக்கு பொருந்தாது. அந்த 20 கிலோமீட்டருக்கு ஒரு விலையும் உண்டு. அதையும் பிறகு சொல்கிறேன்.

இன்டர்வெல்

வேகமாக ஓடினால் தசையில் லாக்டேட் சேரும். அந்த லாக்டேட்டே பி.டி.என்.எஃப்பை ஏற்றுகிறது. ஓய்வில் இருப்பவர்களுக்கு லாக்டேட்டை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தபோதும் ஏறியது. 2007-ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில், மூன்று நிமிட வேக ஓட்டம் இரண்டு ஓடிவிட்டு உட்கார்ந்தவர்கள் புதுச் சொற்களை 20 சதவீதம் வேகமாகக் கற்றார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஆசை காட்டும் எண். ஆனால் அந்த 27 பேரும் ஆண்கள்.

வாரம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். 1500 மீட்டர் ஓடுகிறவளுக்கு இது எப்படியும் வேண்டியதுதான். படிக்க உட்காரும் முன் வரும்படி வைத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

வெயிட்ஸ்

ரத்தக் குறியை மட்டும் பார்த்தால் எடைப் பயிற்சி தோற்றுப்போகும். ஆனால் பெண்களை மட்டும் வைத்துச் செய்த நல்ல ஆய்வு ஒன்று இங்கேதான் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில், 65 முதல் 75 வயதுக்குள் 155 பெண்கள். ஒரு பிரிவு வாரம் ஒரு நாள் எடை தூக்கியது, இன்னொன்று இரண்டு நாள், மூன்றாவது உடல் சமநிலைப் பயிற்சி மட்டும். ஒரு வருடம் கழித்து, கவனத்தைச் சிதறவிடாமல் பிடிக்கும் சோதனையில் எடை தூக்கிய இரண்டு பிரிவும் முறையே 12.6, 10.9 சதவீதம் முன்னேறின. மூன்றாவது பிரிவு அரை சதவீதம் பின்தங்கியது.

அந்த எடை தூக்கிய பெண்களுடைய மூளையின் மொத்தக் கன அளவு லேசாகக் குறைந்திருந்தது. திறன் கூடியது, அளவு குறைந்தது.

அதே வான்கூவர் குழு, ஞாபகம் சற்று தடுமாறத் தொடங்கிய 70 முதல் 80 வயதுக்குள் 86 பெண்களை வைத்து ஆறு மாத ஆய்வு ஒன்று செய்தது. அங்கே நடைப் பயிற்சி செய்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் பெருத்தது. எடை தூக்கியவர்களுக்குப் பெருக்கவில்லை. சரி, ஓட்டம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தால், இடது ஹிப்போகாம்பஸ் பெருத்ததும் சொற்களை நினைவில் வைக்கும் திறன் குறைந்ததும் சேர்ந்தே வந்தன. ஒரே குழு, ஒரே ஊர், இரண்டு இடத்திலும் பெண்கள், குறியும் திறனும் எதிரெதிர்த் திசையில்.

நான் இதை அவளுக்கு வரைந்தே காட்டினேன். ஏனென்றால் செல்போனில் வரும் காணொளிகள் எல்லாம் "இதைச் செய்தால் மூளை இத்தனை சதவீதம் வளரும்" என்று முடிந்துவிடும். வளர்ந்ததா என்பது ஒரு கேள்வி. அந்த மூளையால் என்ன செய்ய முடிந்தது என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. அம்மாவின் மூளை எத்தனை மில்லிலிட்டர் என்று நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. பேத்தியின் பெயர் வருகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அதனால் வெயிட்ஸ் வாரம் இரண்டு நாள் என்று எழுதிக்கொண்டோம். ஓட்டக்காரிகளுக்கு எலும்பும் அதில் திடமாகும்.

ஷட்டிலும் கால்பந்தும்

ஓட்டத்தில் அடுத்த அடி எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. ஷட்டிலில் ஒவ்வொரு நொடியும் எதிராளியின் மணிக்கட்டைப் படிக்க வேண்டும். இப்படி, கணிக்க முடியாத ஆட்டங்கள் மூளைக்குக் கூடுதல் வேலை கொடுக்கும் என்பது பல வருடக் கருத்து. தைவானில் 2018-ல் வந்த ஓர் ஆய்வு இதை நேராகவே ஒப்பிட்டது. 30 நிமிடம் ஷட்டில், இன்னொரு நாள் அதே கடுமையில் 30 நிமிடம் ஓட்டம். ஷட்டிலுக்குப் பிறகு பி.டி.என்.எஃப் அதிகம் ஏறியது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சோதனையிலும் ஷட்டில் நாள் முந்தியது. ஆடியவர்கள் 20 இளைஞர்கள். அதுவும் ஆண்கள்தான். என்றாலும் ஷட்டிலில் இழக்க ஒன்றும் இல்லை. சிறகுப்பந்து கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் தலைக்கு ஆபத்து குறைவு.

கால்பந்து அதே வகை ஆட்டம். யோசனை, ஓட்டம், கூட்டாளிகள், எல்லாம் உண்டு. மூளையை வளர்க்கும் பக்கம் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். சேதத்தின் பக்கம்தான் கணக்கு உதைக்கிறது.

2018-ல் அமெரிக்காவில் அமெச்சூராகக் கால்பந்து ஆடும் 49 ஆண்களையும் 49 பெண்களையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தலையால் பந்தை முட்டியவர்கள். தலையால் முட்டுவதோடு தொடர்புள்ள மாற்றம் ஆண்களின் மூளையில் மூன்று இடத்தில் தெரிந்தது, பெண்களுக்கு எட்டு இடத்தில். பாதித்த வெண்பொருளின், அதாவது நரம்பு இழைகள் ஓடும் பகுதியின், அளவு பெண்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. இவர்கள் யாரும் மயங்கி விழுந்தவர்கள் இல்லை. சாதாரணமாக ஆடினவர்கள்.

ஏன் இப்படி? கழுத்துத் தசையின் பலம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நரம்பணுக்களைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பெண் நரம்பணுவின் இழை மெல்லியது, உள்ளே தாங்கி நிற்கும் நுண்குழாய்களும் குறைவு. ஒரே இழுப்பில் ஆண் இழையைவிட அது அதிகம் உடைந்தது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடிய ஹெதர் ஆண்டர்சன் 28 வயதில் இறந்த பிறகு, 2023-ல் அவருடைய மூளையில் சி.டி.இ என்ற, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் நோய் உறுதியானது. தொழில்முறை வீராங்கனை ஒருவருக்கு அந்த நோய் கண்டறியப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஆட்டம் வேறு, மோதல் அதிகம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பள்ளியிலிருந்து கபடிக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் தலையில் இடி வாங்கி, தண்ணீர் தெளித்து மறுபடி இறங்கியிருக்கிறார்கள்!

அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக் கூடாது என்று 2015-ல் அறிவித்தது. ஸ்காட்லாந்து 2020-ல் 12 வயதுக்குக் கீழ் பயிற்சியில் தடை போட்டது. நம் மைதானங்களில் இந்தப் பேச்சே இன்னும் சரியாக வரவில்லை. சேர்ந்து ஆடும் சுகத்துக்காகக் கால்பந்து ஆட நினைக்கும் பெண்ணை நான் தடுக்க மாட்டேன். கழுத்துக்குப் பயிற்சி, பயிற்சியின்போது தலைமுட்டு வேண்டாம், அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, இந்த மூன்றும் இருந்தால் போகட்டும். ஆனால் ஷட்டில் மட்டையும் பக்கத்திலேயே இருக்கும்போது, மூளையை நினைத்துக் கேட்கிறவளுக்கு நான் கால்பந்தைச் சொல்ல மாட்டேன். அவள் முகம் வாடித்தான் போனது.

யோகாவுக்கும் ஒரு வார்த்தை. பிரேசிலில் எட்டு வருடத்துக்கு மேல் யோகா செய்த, 60 தாண்டிய 21 பெண்களைச் செய்யாத 21 பேரோடு ஒப்பிட்டபோது, முன்மூளையின் இடது பக்கத்தில் ஒரு பகுதி அவர்களுக்குத் தடிமனாக இருந்தது. யோகாவால் தடித்ததா, அப்படிப்பட்டவர்கள்தான் யோகாவில் நிலைக்கிறார்களா என்று அந்த ஒப்பீட்டில் பிரிக்க முடியாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் யோகா செய்யட்டும். ஓட்டத்துக்குப் பதிலாக அல்ல. அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டு நான் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன்.

நான் கேட்காமல் விட இருந்த கேள்வி

இத்தனையும் பேசி முடித்து அட்டவணை எழுதும்போதுதான் கேட்டேன்: "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

"நாலு மாசமா வரல சித்தி. சீசன்ல அப்படித்தான இருக்கும்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. நான் ஓடின காலத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒருவர், "நின்னுருச்சா? அப்ப பயிற்சி சரியா போகுதுன்னு அர்த்தம்" என்பார். நாங்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். எனக்கு எட்டு மாதம் வராமல் இருந்தது. யாரும் டாக்டரிடம் போகச் சொல்லவில்லை. பிறகு கால் எலும்பில் விரிசல் விழுந்து ஓட்டம் முடிந்தது. முப்பது வருடம் கழித்து அதே வாக்கியம் இந்தப் பிள்ளை வாயில்.

இவளைப் போன்ற ஓட்டக்காரிக்குச் சுழற்சி நின்றால், பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கிவிட்டது என்று பொருள். மூளைக்கு அது வேண்டும். கலிபோர்னியாவில் 2001-ல் செய்த எலி ஆய்வில், சினைப்பை நீக்கி ஏழு வாரம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் விட்ட பெண் எலிகளுக்கு, ஓட்டம் மட்டும் கொடுத்தால் ஹிப்போகாம்பஸில் பி.டி.என்.எஃப் ஏறவில்லை. ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்து ஓடவிட்டால் ஏறியது. மனிதர்களில் நேராகவே ஒன்று உண்டு. பாஸ்டனில், மாதவிடாய் நின்ற அல்லது தள்ளித் தள்ளி வந்த, 14 முதல் 25 வயதுக்குள் 48 வீராங்கனைகள். சிலருக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை, சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து, ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களுக்குச் சொல் நினைவாற்றல் மற்றவர்களைவிட நன்றாகக் கூடியிருந்தது. 2017-ல் வந்த ஆய்வு. இங்கே பேசினதிலேயே அவள் வயதில், அவள் நிலைமையில் இருக்கும் பெண்களைப் பற்றியது இது ஒன்றுதான்.

அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தப் பயிற்சி என்பதல்ல அங்கே குறை.

சுழற்சி நிற்பதற்கு இவளைப் போன்றவர்களில் அடிக்கடி காரணம், ஓடும் அளவுக்குச் சாப்பிடாதது. 2003-ல் நடந்த பரிசோதனை ஒன்றில், பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பில்லா உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே போனால், ஐந்தே நாளில் சினைப்பையை இயக்கும் ஹார்மோனின் துடிப்பு குலைந்தது. நல்ல நிலைக்கு 45 என்பார்கள். ஆளுக்கு ஆள் இந்தக் கோடு கொஞ்சம் முன்பின் போகும். ஆனாலும் நோட்டில் கணக்குப் போட்டோம். அவள் எடை 50 கிலோ, கொழுப்பு போக 41 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 45 வீதம் 1,845 கலோரி. 12 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்குக் கிலோ எடைக்கு ஒரு கலோரி என்ற பொதுக் கணக்கில் 600. ஆக, அன்றைக்கு 2,445 வேண்டும். ஹாஸ்டலில் காலை பிராக்டிஸ் முடிந்து ஓடி வருவதற்குள் டிபன் தீர்ந்துவிடும், மிஞ்சினது மூன்று இட்லி. ஓர் இட்லி அறுபது கலோரி இருந்தால் அதிகம். மதியம் அளவுச் சாப்பாடு. ராத்திரி "வெயிட் ஏறிரும்" என்று இரண்டு சப்பாத்தி. எப்படிக் கூட்டினாலும் 1,600-ஐத் தாண்டவில்லை. அதிலிருந்து 600-ஐக் கழித்து 41-ஆல் வகுத்தால் 24 வருகிறது.

இப்போது கோச் சொன்ன 20 கிலோமீட்டரை இதில் சேர்த்துப் பாருங்கள். அதன் விலை என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். நிதானமான ஓட்டம் மூளைக்கு மிகவும் நல்ல பயிற்சியாக இருந்தும், இவளுக்கு அதைக் கூட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

அப்புறம் இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. ஓட்டக்காரிகளுக்கு வியர்வையிலும் குடலிலும் இரும்பு இன்னும் இழப்பாகும். மாதவிடாய் நின்றவளுக்கு ரத்தப்போக்கால் வரும் இழப்பு இல்லைதான், ஆனால் சாப்பாட்டில் வரவும் இல்லை. 2007-ல் அமெரிக்காவில், இரும்புக் குறைவுள்ள இளம்பெண்களுக்கு 16 வாரம் இரும்பு கொடுத்தபோது, உடம்பின் இரும்புக் கிடங்கைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாக ஏறியவர்களின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் பல மடங்கு முன்னேறியது. எடுக்கச் சொன்ன டெஸ்ட் இது: ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் சரியாக இருந்து கிடங்கு காலியாக இருப்பவர்கள் நிறைய.

அவளுக்கு ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 9. முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பாஸ் என்று அனுப்பியிருப்பார்கள்.

எழுதினது

பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் பார்த்தே ஆக வேண்டும் என்றார். கர்ப்பம், தைராய்டு, நீர்க்கட்டி எல்லாவற்றையும் சோதித்து விலக்கினார். கருத்தடை மாத்திரை போட்டு ரத்தப்போக்கு வரவைத்தால் அது சுழற்சி திரும்பினதாக ஆகாது, முதலில் சாப்பாடு என்றார். இரும்பு மாத்திரை, அதோடு எலுமிச்சை சாறு, அந்த நேரத்தில் டீ கூடாது.

அட்டவணை இப்படி வந்தது. ஓட்டம் வாரம் நாலு நாள், அதில் ஒன்று இன்டர்வெல், மொத்தம் 40 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. வெயிட்ஸ் இரண்டு நாள். ஷட்டில் இரண்டு மாலை, மதிப்பெண் எண்ணாமல். கால்பந்து அணியிடம் இந்த வருடம் முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். காலை ஓடப்போகும் முன் இரண்டு வாழைப்பழம், வந்ததும் மெஸ்ஸில் எடுத்து வைத்த டிபன். அதை எடுத்து வைக்கச் சொல்லி மெஸ் அக்காவிடம் போய்ப் பேசினது நான். ராத்திரி முட்டையும் கடலை உருண்டையும்.

கோச்சிடம் சொல்வதற்குத்தான் பயந்தாள். கூடவே போனேன். அவர் நோட்டை வாங்கி அந்த 24 என்ற எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். மற்ற பிள்ளைகளுக்கும் இதைப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஜூன் முதல் வாரம், ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தது. "சித்தி, வந்திருச்சு" என்றாள். டிரெயினிங் டைரியில் அன்றைய 8 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போன் பண்ணினாளாம்.